தூனன், வெபர் தியரியெல்லாம் நம்ம காவிரி டெல்டாவுக்கு எடுபடுமா?

கேள்வி கேட்டவர் நன்னிலம் பக்கம். எம்.ஏ. ஜாகரஃபில எக்கனாமிக் ஜாகரஃபி பேப்பர் வந்திருக்காம், நிலம் ஏன் ஒரு பயிருக்குப் போகுதுன்னு தூனனும், ஆலை ஏன் ஒரு இடத்துல வருதுன்னு வெபரும், இந்த ரெண்டு ஜெர்மன்காரங்க எழுதினது நம்ம ஊருக்கு உதவுமா, இல்ல பரீட்சைக்கு மட்டும் படிச்சா போதுமான்னு கேட்டிருக்கார்.

உதவும்ங்க, நல்லாவே உதவும், ஆனா ஒரு இடத்துல அளவை மாத்திப் பிடிக்கணும். தூனன் சந்தையில இருந்து எவ்வளவு தூரம்னு அளந்தார், நம்ம டெல்டாவுல முதல்ல தண்ணியில இருந்து எவ்வளவு தூரம்னு அளக்கணும், சந்தை அதுக்கு அப்புறம்தான். நானும் இதே பேப்பர் படிச்சவன், ஊரு திருவையாறு பக்கம், அதனால எனக்குத் தெரிஞ்ச இடத்தை வச்சே சொல்றேன்.

தூனன் 1826ல போட்ட கணக்கு உங்களுக்குத் தெரியும். நடுவுல ஒரு டவுன், சுத்தி ஒரே மாதிரி மண்ணு, பக்கத்துல பாலும் காய்கறியும், அடுத்து விறகுக்காடு, அப்புறம் தானியம், கடைசியில மேய்ச்சல். வண்டிச் செலவு கூடக் கூட நிலத்துல நிக்கிற லாபம் குறையும், அதுக்குத் தகுந்த மாதிரி பயிர் மாறும், அவ்வளவுதான் விஷயம். படகு போற ஆறு ஒண்ணு வந்தா அந்த வட்டம் ஆத்தோரமா நீளும்னும் அவரே சொல்லியிருக்கார். ஆனா அவர் சொன்னது சரக்கு ஏத்திட்டுப் போற ஆறு, நம்மளுது வயலுக்குப் பாயுற ஆறு, அங்கதான் கணக்கு மாறுது.

திருவையாறுல ஆத்தங்கரையில இருந்து நடந்து பாருங்க, முதல்ல படுகை, வாழையும் வெத்தலைக் கொடிக்காலும் தென்னையுமா இருக்கும், வண்டல் மண்ணு, தோண்டினா தண்ணி. கொஞ்சம் தள்ளி இறங்கினா வயல், நெல்லு. வெத்தலைக்கு அடிக்கடி தண்ணி விடணும், கிள்ளின இலை வாடுறதுக்குள்ள கவுளி கட்டி ஏத்தி அனுப்பணும், அதனால தண்ணியும் பக்கத்துல வேணும் ரோடும் பக்கத்துல வேணும், ரெண்டும் சேர்ற இடம் படுகைதான். இந்தப் பக்கம் பயிர் வளையமா வராம ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு பட்டை பட்டையா வருது பாத்தீங்களா.

இப்ப அப்படியே கிழக்க போங்க. மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல திறக்கணும், திறந்தாலும் தலைமடைக்கு வர்ற நாளும் கடைமடைக்குப் போற நாளும் ஒண்ணு கிடையாது, தண்ணி பத்தாம வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வச்சு விடுற வருஷம்னா கேக்கவே வேணாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போர்வெல்ல நல்ல தண்ணி, பம்புசெட்ட வச்சு குறுவை போட்டுடுவாங்க. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போனா போர் போட்டாலும் உப்புத் தண்ணி, அங்க ஆத்துத் தண்ணியையும் மழையையும் நம்பி நேரடி விதைப்புல சம்பா ஒண்ணுதான். அதையும் தாண்டி மணல் மேட்டுல மா, சவுக்கு, முல்லைப்பூ, அப்புறம் உப்பளம். ஒரே நெல்லு ஜில்லான்னு வெளிய இருக்கிறவங்க நினைக்கிற இடத்துக்குள்ள இவ்வளவு இருக்கு, இதை மேப்ல போட்டாலே உங்களுக்கு ஒரு நல்ல சாப்டர் வந்துடும்.

ஆலைக்கு வெபர், 1909. எடை குறையுற சரக்குன்னா ஆலை சரக்கு கிடைக்கிற இடத்துலயே நிக்கும்பார். அப்படியே பொருந்துறது கரும்பு ஆலைங்க. நூறு டன் கரும்பு அரைச்சா சர்க்கரை ஒன்பது பத்து டன்தான் வரும், மிச்சத்தை எதுக்கு லாரியில சுமக்கணும், அதோட வெட்டின கரும்பு கிடக்கக் கிடக்க சர்க்கரைச் சத்து இறங்கிடும். குருங்குளம் ஆலை கரும்புக்கு நடுவுல நிக்கிறதுக்கு இதைவிட வேற விளக்கம் தேவையில்ல. நாகை பக்கத்துல பனங்குடி ரிஃபைனரி 1993ல வந்ததும் நரிமணத்துல கச்சா எண்ணெய் எடுத்ததாலதான், கிணறு பக்கத்துல இருந்துச்சு.

நெல்லுக்கு வந்தா வெபர் கொஞ்சம் திணறுவார். நெல்லை அரிசியாக்கினா எடை மூணுல ஒரு பங்கு போயிடும், உமி, தவிடுன்னு. அப்போ அரிசி ஆலையெல்லாம் டெல்டாவுலதானே குவியணும்? ஆனா காங்கேயம் அரிசி ஆலைக்குப் பேர் போன ஊரு, நம்ம நெல்லு லாரி ஏறி அங்க போகுது. என் பார்வையில காரணம் காலம்தான், நம்ம பக்கம் அறுவடை ஒரே மூச்சுல வரும், குறுவை அறுக்கிறப்ப மழை வேற, நெல்லு ஈரமா இருக்கும், டிபிசில, அதாவது அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்துல, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா மூட்டையை வச்சுக்கிட்டு நிக்கணும். காங்கேயம் காஞ்ச சீமை, ஆலைக்காரங்க எந்தச் சீசன்ல எந்த ஊர்ல நெல்லு விழுதோ அங்க வாங்கி வருஷம் பூரா ஓட்டுறாங்க, மெஷின் ரிப்பேர் பண்றவர்ல இருந்து புரோக்கர் வரைக்கும் ஒரே ஊர்ல. எடையை மட்டும் பாத்தா இது புரியாது, ஆலை எத்தனை மாசம் சும்மா கிடக்குதுன்னும் பாக்கணும்.

திருபுவனம் பட்டு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். பட்டுநூல் கர்நாடகாவுல இருந்து, ஜரிகை சூரத்துல இருந்து, எதுவுமே உள்ளூர்ல விளையல. நூலும் எடை குறையாது, புடவையும் லேசு, வண்டிச் செலவு ஒரு பொருட்டே இல்ல, அப்போ தறி எங்க வேணா இருக்கலாம், ஆனா திருபுவனத்துல இருக்கு. ஏன்னா பாவு ஓட்டுறவர், சாயம் போடுறவர், டிசைன் அட்டை குத்துறவர், நெய்யுறவர் எல்லாரும் கூப்பிடு தூரத்துல இருக்காங்க, நெய்த புடவையை விசிறி மடிப்பு மடிக்கிறதுக்குக்கூட அந்த ஊர்க் கை வேணும். மார்ஷல்னு இங்கிலாந்து பொருளாதார அறிஞர் 1890ல தொழில் வித்தை ஊர்க் காத்துலயே கலந்திருக்கும்னு எழுதினது இதைத்தான். சுவாமிமலை சிலை வார்ப்பு, சரக்கு இழுக்கிற தொழில், கை வித்தை இழுக்கிற தொழில் ரெண்டுக்கும் நடுவுல வரும், செம்பு வெளியூர்ச் சரக்கு, ஆனா மெழுகு உருவத்து மேல பூசுற முதல் பூச்சுக்கு நைஸான காவிரி வண்டல் வேணும், ஆறும் வேணும் ஸ்தபதிகளும் வேணும்.

இடம் மாறின தொழிலையும் பாருங்க. ரயில்வே ஒர்க்‌ஷாப் முதல்ல நாகப்பட்டினத்துல இருந்துச்சு, துறைமுகம்தான் அப்ப முக்கியம். ரயில் பாதை நாலா பக்கமும் பரவின அப்புறம் 1920கள்ல திருச்சி பொன்மலைக்குப் போயிடுச்சு.

நிலம் யாருக்குப் போகும்ங்கிறதுக்கு வாடகைப் போட்டித் தியரி இருக்கு, யாரு அதிகம் கொடுக்கிறாங்களோ அவங்களுக்கு. தஞ்சாவூர்ல இதை நேர்ல பாக்கலாம், டவுன் ரொம்ப காலமா மெடிக்கல் காலேஜ், தமிழ்ப் பல்கலைக்கழகம், வல்லம்னு தென்மேற்க மேட்டு நிலத்துலதான் வளந்துச்சு, செம்மண்ணு, வாய்க்கால் பாயாது, விவசாயம் அங்க பெருசா போட்டி போடல. இப்ப பைபாஸ் ஓரமா நஞ்சைலயே கல்லு ஊனுறாங்க, எனக்கு வயிறு எரியுது, ஏன்னா மேட்டு நிலத்துல வீடு கட்டினா யாருக்கும் நட்டம் இல்ல, வாய்க்காலை மறிச்சு பிளாட் போட்டா கீழ்மடைக்காரன் வயலும் சேர்ந்து சாகும். அவன் எந்தப் போட்டியிலயும் கலந்துக்கவே இல்ல.

இறால் பண்ணையில இதேதான் நடந்துச்சு. 1990கள்ல நாகை கடற்கரையில இறாலுக்கு நெல்லை விடப் பல மடங்கு காசு, நிலம் கைமாறுச்சு, உப்பு பக்கத்து வயலுக்கும் குடிதண்ணிக்கும் இறங்குச்சு. சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தப் பண்ணைகளை எதிர்த்துப் போராடினாங்க, ஜெகந்நாதன் போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. 2020ல வந்த வேளாண் மண்டலச் சட்டத்தையும் இங்க சேத்துக்கங்க, உருக்காலை, தோல் ஆலை, புதுசா எண்ணெய் எரிவாயு துளைக்கிறது இதுக்கெல்லாம் தடை. காசுக்கு மேல அரசாங்கம் ஒரு கோடு போடுது, மக்கள் தெருவுக்கு வந்து போட வச்ச கோடு அது. பழைய மாடல்ல இதுக்கு இடமே இல்ல, அதை உங்க பேப்பர்ல தைரியமா எழுதுங்க.

நன்னிலம்னா உங்களுக்கு ப்ராஜெக்ட் வாசல்லயே இருக்கு. முடிகொண்டான் ஆத்துல பிரியுற ஏதாவது ஒரு வாய்க்காலை எடுத்துக்கங்க, தலைப்புல ஒரு கிராமம், நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. விஏஓ ஆபீஸ்ல அடங்கல், அதாவது பயிர்ப் பதிவேடு, கேட்டு எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர்னு பசலி (வருவாய்த்துறை வருஷம்) வாரியா எழுதுங்க, அப்புறம் மடை திறந்த தேதி, போர் எத்தனை அடி, வித்த நிலத்தை வாங்கினது யாரு, இதை அந்தந்த ஊர்ப் பெரியவங்ககிட்ட உக்காந்து கேளுங்க. உங்க பக்கம் சம்பா அறுத்த வயல்ல இப்ப கோடையில பருத்தி போடுறாங்க இல்ல, அது வாய்க்காலோட எந்த இடத்துல ஆரம்பிச்சுது, உளுந்தை விட்டுட்டு ஏன் அதுக்குப் போனாங்கன்னு முதல்ல அதைப் பிடிங்க.