ஒல்லி உடம்பு, ‘நார்மல்’ ரிப்போர்ட்: இதயத்துக்கு அது போதுமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் அலுவலக வேலை. உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. சிகரெட், மது கிடையாது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. லண்டனில் இருக்கும் தம்பியிடம் அங்குள்ள டாக்டர், “நீங்கள் தெற்காசியர் என்பதே ஓர் ஆபத்துக் காரணி” என்றாராம். என் மொத்தக் கொலஸ்ட்ரால் 186, எல்டிஎல் 110, ஹெச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 210. இசிஜி நார்மல். நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: தம்பியின் டாக்டர் சொன்னது சரி. பிரிட்டனில் இதய ஆபத்தைக் கணிக்கும் ‘கியூரிஸ்க்’ முறையில் வயது, ரத்த அழுத்தத்தோடு இனத்தையும் கேட்பார்கள். அமெரிக்க இதய மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதலும் தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணியாகவே வைத்திருக்கிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாடுகளில் 59 என்றால், தெற்காசியாவில் 53.

இதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: கெட்ட கொழுப்பு (எல்டிஎல்), புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, உழைப்பில்லாத உடம்பு. நம்மிடம் அவை சீக்கிரமே வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். ஊர் மாறினால் நோயும் மாறும் என்பதற்கு ஜப்பானியர்களே சாட்சி. ஜப்பானில் வாழ்ந்தவர்களைவிட ஹவாய்க்குக் குடியேறியவர்களுக்கும், அவர்களைவிடக் கலிபோர்னியாவுக்குப் போனவர்களுக்கும் இதய நோய் கூடுதலாக இருந்தது. வம்சம் ஒன்று, வாழ்க்கைதான் வேறு.

இனி உங்கள் ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். அந்த எண் குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், உங்கள் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் குறைவாக இருப்பது. 186-இலிருந்து ஹெச்டிஎல் 34-ஐக் கழியுங்கள்: 152. ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு மொத்தமும் இதில் அடக்கம். இது 130-க்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடும் 150-க்குள் இருக்க வேண்டியது. ஹெச்டிஎல் குறைந்து டிரைகிளிசரைடு ஏறிய இந்த ஜோடி நம் ஊரில் மிகச் சாதாரணம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் இதன் பின்னணி.

அதனால் எடையை விட்டுவிட்டு இடுப்பை அளந்து பாருங்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டதும் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. நமக்கான எல்லை. கைகால் ஒல்லியாகவும் இடுப்பு 94 ஆகவும் இருப்பவர்களை நிறையவே பார்க்கலாம்.

அடுத்து மூன்று பரிசோதனைகள். ஹெச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது): 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. ரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை. மூன்றாவது லிப்போபுரோட்டீன்-ஏ, எல்டிஎல் போலவே ரத்தக்குழாயில் படியும் ஒரு கொழுப்புத் துகள். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். இது பரம்பரையாக வருவது, பத்தியத்தால் குறையாது. டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் எல்டிஎல்-ஐ இன்னும் கீழே இறக்க வேண்டும். பரிசோதிப்பதன் பயன் அதுதான். அப்பாவுக்கு 55 வயதுக்குள் வந்திருப்பதால் உங்களுக்கு இது அவசியம் என்பேன். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை வேண்டுமா என்பதை இந்த முடிவுகளோடு டாக்டரிடம் பேசுங்கள்.

இசிஜியும் டிரெட்மில் டெஸ்ட்டும் நார்மல் என்பதைக் காப்புறுதியாக நினைக்க வேண்டாம். டிரெட்மில் பெரும்பாலும் 70 சதவீத அளவுக்கு அடைத்த குழாயைத்தான் காட்டும். மாரடைப்போ பல நேரம் பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது.

சாப்பாட்டில் முதலில் கைவைக்க வேண்டியது சோற்றின் அளவில். டிரைகிளிசரைடு ஏறுவதற்கு எண்ணெயைவிட வெள்ளைச் சோறும் சர்க்கரையும் பெரிய காரணம். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதி பருப்போ சுண்டலோ மீனோ. உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான். வாரம் ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் அரை மணி நேரம் நடங்கள். மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள்.

ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கூடவே குப்பென்று வியர்வை என்றால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாடின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.