இரத்தம் தண்ணியாவதில்லை, தங்கச்சி

அன்புள்ள அக்கா,
அப்பாவுக்கு நெஞ்சில் உலோக வால்வு வைத்து மூன்று வருடம். இரத்தத்தைத் தண்ணியாக்கும் குளிசை என்று வார்ஃபரின் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளாகக் களைப்பு, குளிர் என்கிறார். இரத்தம் மிஞ்சித் தண்ணியாகிவிட்டதோ என்று பயந்து இடைக்கிடை குளிசையை விட்டுவிடுகிறார். மூன்று மாதமாக நான் கீரையே சமைப்பதில்லை. எலிப் பாஷாணமும் இதுதானாமே? இது எப்படி வேலை செய்கிறது?
— ஒரு மகள், நிலாவெளி

தங்கச்சி,

எலிக் கதை உண்மைதான். 1948இல் எலிக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு. அளவு வேறு. அதை விடுங்கள்.

'தண்ணி' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மாவுக்கும் உலோக வால்வுதான். மூதூரிலிருந்து லோஞ்ச் ஏறி கிளினிக் வருவார். "இரத்தத்தைத் தண்ணியாக்கும்" என்று சொல்லி யாரோ குளிசையைக் கையில் கொடுத்தார்கள். விளக்கம் அவ்வளவுதான். அம்மா கஞ்சித்தண்ணியை நினைத்துக்கொண்டார். தலை சுற்றுகிற நாளில் குளிசையை விட்டுவிட்டு பீட்ரூட் சாப்பிடுவார். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போய், வலது பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. டப்பாவில் 11 குளிசை மிச்சமிருந்தது. எண்ணியவள் நான். ஒரு பிழையான சொல்லை நம்பித்தான் அந்த 11ஐயும் விட்டார்.

இரத்தம் இளகுவதே இல்லை, தங்கச்சி. அதன் தடிப்பும் மாறாது. இரத்தம் உறைவதற்கான சில புரதங்களை ஈரல் செய்கிறது. விற்றமின் கே இருந்தால்தான் அவற்றின் கடைசி வேலை முடியும். மீன்வலை பின்னி முடிந்தபின் ஈயக்குண்டு கோப்பார்களே, அதுபோல. ஒருமுறை வேலை செய்த விற்றமினை உடம்பு புதுப்பித்துத் திரும்ப எடுக்கும். வார்ஃபரின் அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது. ஈயமில்லாத வலைபோல, வரும் புரதம் சரியாகப் பிடிக்காது, உறைவது தாமதமாகும். முன்பே செய்த நல்ல புரதங்கள் தீர நாள் எடுப்பதால், இன்று போடும் குளிசை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். விட்டதும் அப்படித்தான். இன்று விட்டால் இன்று ஒன்றும் நடக்காது. அம்மா ஏமாந்தது அங்கேதான்.

சரி, கீரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் விற்றமின் கே நிறைய. திடீரென்று கூடினால் குளிசை எடுபடாது. திடீரென்று நின்றால் இரத்தக் கசிவுவரை கொண்டுபோகும். கிழமைக்குக் கிழமை ஒரே அளவாகச் சாப்பிட்டால், டொக்டர் அதற்கேற்பக் குளிசையை வைப்பார். அதற்காக நாளைக்கே ஒரு சட்டி வறை செய்துவிடாதீர்கள். இப்போதைய குளிசை அளவு, கீரை சாப்பிடாத உடம்புக்கு வைத்தது.

குளிசை தன்பாட்டில் குளிரைக் கொண்டுவராது. ஆனால் உள்ளே எங்காவது கசிந்து இரத்தம் குறைந்தால் களைப்பும் குளிரும் வரும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டால் நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை இருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப் போங்கள். கீரையை நிறுத்தியதையும் குளிசை விட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள்.