வழக்கில் உங்களைச் சேர்க்காவிட்டாலும் அப்பீல் போகலாம்

அண்ணன்கள் உங்களைச் சேர்க்காமலேயே பாகப்பிரிவினை வழக்கு நடத்தி சப் கோர்ட்டில் முதல்நிலைத் தீர்ப்பாணை (யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது) வாங்கிவிட்டு, "நீ பார்ட்டியே இல்லை, அப்பீல் போக முடியாது" என்கிறார்கள், அப்படித்தானே? பாதிதான் உண்மை. நேராகப் போட முடியாது. ஆனால் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் அப்பீல் கோர்ட்டின் அனுமதி கேட்டு அப்பீல் செய்யலாம், 1970-லேயே கோல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

முதலில் மூன்றாம் நபராக மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் கெடு. நகல் கிடைக்க ஆன நாட்கள் இந்தக் கெடுவில் சேராது. தாண்டியிருந்தால், தீர்ப்பு உங்களுக்கு எப்போது, யார் மூலம் தெரிந்தது என்று அபிடவிட்டில் தேதியோடு எழுதித் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம், இறுதித் தீர்ப்பாணை (சொத்தைப் பிரித்துக் கொடுப்பது) இன்னும் ஆகவில்லையென்றால் அதே கோர்ட்டில் உங்களையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். எனக்கென்னவோ அதுதான் செலவு குறைவாகப் படுகிறது.