இரட்டிப்பு அட்டையைத் தொடர்ந்து போட்டால் வலிமை ஏன் எதிர்மறையாகிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்காக யூனிட்டி என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் நீங்கள் உருவாக்கிய அட்டை விளையாட்டில், வீரனின் வலிமையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் எதிராளியின் உயிர்ப்புள்ளி குறையாமல் எகிறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இது முழு எண் வழிதல் என்னும் பிழை.

சி ஷார்ப் நிரல்மொழியில் முழு எண்களைச் சேமிக்கும் 'இன்ட்' வகைக்கு 32 பிட்டுகளே உள்ளதால், அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647. வலிமை 3-இல் தொடங்கினால், 29ஆவது இரட்டிப்பில் அது 1,610,612,736 ஆகிறது. அடுத்த இரட்டிப்பு எல்லையைத் தாண்டுவதால், கார் ஓட்டமானி சுற்றி வருவதுபோல மறுமுனைக்குத் தாவி −1,073,741,824 ஆகிவிடுகிறது. எதிராளியின் 20 உயிர்ப்புள்ளியிலிருந்து இதைக் கழித்தால் அது கூட்டலாக மாறி 1,073,741,844 கிடைக்கும். இன்னும் இருமுறை இரட்டித்தால் வலிமை சுழியமாகும் என்பது வேடிக்கைதான்.

பெருக்கிய பிறகு உச்சவரம்பைச் (அதாவது 'இன்ட்' ஏற்கும் அந்த மிகப்பெரிய எண்ணை) சோதிப்பது வீண், ஏனெனில் அதற்குள் எண் கெட்டுப்போயிருக்கும். ஆகவே வலிமை உச்சவரம்பின் பாதியைத் தாண்டியுள்ளதா என்று முதலில் பார்த்து, தாண்டியிருந்தால் உச்சவரம்பையே மதிப்பாக வையுங்கள். 'செக்டு' என்ற சொல்லைச் சேர்த்தால் பிழை உடனே தெரியவரும். ஆனால் அதைக் கையாளும் நிரல் இல்லையேல் அந்த நகர்வு பாதியில் அறுந்துபோகும். 64 பிட்டுக்கு மாறுவது கூடுதலாக 32 இரட்டிப்புகளுக்கு மட்டுமே தாக்குப்பிடிக்கும். என் தேர்வு உச்சவரம்புதான். ஆயினும் அதைத் தொட்ட இரு வீரர்கள் மோதினால் சமநிலை என்பதை விதிகளிலேயே எழுதிவிடுங்கள்.