கதிர்வீச்சும் ஆய்வுக்கூட எலிகளும்: கேட்டவற்றுக்குப் பதில்

ஜெலுத்தோங், படிவம் ஆறு மாணவி: கதிர்பட்ட சுண்டெலிக்குப் புற்றுநோய் எப்படி வருகிறது, சார்?

நல்ல கேள்விம்மா. கதிர் பாயும்போது டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகலாம். செல் அதை ஒட்டப் பார்க்கும். தப்பாக ஒட்டினால் பிறழ்வு தங்கிவிடும். அப்படிக் கெட்ட செல்லை நிறுத்துவது, அல்லது சாகடிப்பது, பி53 மரபணுவின் வேலை. அதன் ஒரு பிரதி இல்லாத சுண்டெலிகளுக்குக் கதிர் கொடுத்தால் கட்டி சீக்கிரமே வருகிறது.

ஆனால் அடிபட்ட செல்லை மட்டும் பார்த்தால் போதாது. 1950களில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கப்லான் குழுவினர் சி57 கறுப்பு என்ற ஆய்வுக்கூட வகைச் சுண்டெலிகளின் உடல் முழுக்க எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல் புற்று, வந்தது. ஒரு தொடையை மட்டும் ஈயத்தால் மறைத்தபோது அந்தக் கட்டி வெகுவாகக் குறைந்தது. அங்கே தப்பிய எலும்பு மஜ்ஜை தைமஸைத் தேற்றிவிட்டது. இதைவிட வியப்பு, தைமஸ் நீக்கப்பட்டுக் கதிர்பட்ட சுண்டெலிக்குள் கதிரே படாத தைமஸை ஒட்டவைத்தபோது, அந்தப் புதுத் தைமஸிலேயே கட்டி வந்தது! இதைக் கட்டாயம் தேடிப் படியுங்கள்.

பிறை வாசகர்: நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். எனக்கும் வருமா?

அதன் கதிர் அளவு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). கப்லானின் சுண்டெலிகள் வாங்கியது அதைப்போல பல்லாயிரம் மடங்கு. அளவைச் சொல்லாமல் கதிர்வீச்சைப் பற்றிப் பேசாதீர்கள்.

கூலிம் வாசகர்: நாயை வைத்தும் சோதித்தார்களா?

ஆம், யூட்டா பல்கலைக்கழகத்தில் பீகிள் நாய்களுக்குப் புளூட்டோனியம் என்ற கதிர்வீசும் உலோகத்தைச் செலுத்தினார்கள். அது எலும்பின் மேற்பரப்பில் படிந்து எலும்புப் புற்றை உண்டாக்கியது.

பாயான் பாரு வாசகி: எங்கள் தாமானில் கைப்பேசி டவர் வைக்கிறார்கள். அதுவும் இதுதானே?

இல்லை அக்கா. டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. அந்த அலைக்கு டிஎன்ஏ இழையை அறுக்கும் வலு கிடையாது.

அவரே மீண்டும்: அமெரிக்க ஆய்வில் எலிக்கு இதயக் கட்டி வந்ததே, ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டு, எலிகளின் உடல் முழுக்கக் கைப்பேசி அலை பட்டது. ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா, அதாவது நரம்பு உறையில் வரும் கட்டி, வந்தது உண்மை. பெண் எலிகளிலும் சுண்டெலிகளிலும் அந்தத் தெளிவு இல்லை. அலைபட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், எவ்வளவு, எத்தனை நேரம் என்று கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: டவர் பக்கத்தில் குழந்தைகள் இருந்தால்?

டவர் கேள்விக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. இனி விலங்குச் சோதனை பற்றி மட்டும்.

பட்டர்வொர்த் வாசகர்: அதே அளவை மெதுவாகக் கொடுத்தால்?

காமா கதிர் என்றால் கட்டி பொதுவாகக் குறையும், பழுதுபார்க்கச் செல்லுக்கு அவகாசம் கிடைக்கிறது. நியூட்ரான் கதிரில் அந்தச் சலுகையை நம்ப முடியாது.