பழனி மலையில் ஒரு கற்பனைக் கிளர்ச்சிப் படையின் கோட்டைக்குள் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கொடைக்கானலுக்கு மேற்கே, 2,000 மீட்டருக்கு மேலே ஒரு சிகரத்தின் உச்சியில் இருநூறு பேர் மதிலும் காவல் கோபுரமும் சுரங்கமும் அமைத்து வாழ்கிறார்கள், ஆறு மாத முற்றுகையைத் தாங்குகிறார்கள் என்று உங்கள் நாவலின் களத்தை விவரித்திருக்கிறீர்கள். தளபதி, வைத்தியர், ஒற்றர், கவிஞர் வரை பாத்திரங்களின் பட்டியலும் தந்திருக்கிறீர்கள். சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் அதில் இல்லை. அந்தக் குறையைப் பார்த்த பிறகு என்னால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தாண்டிக்குடிப் பக்கம், வண்டிப் பாதை முடிந்து குதிரைத் தடத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நெடுங்காலம் நடந்தவன் நான்.

தோட்டமும் படைத்தளமும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். ஒன்றல்ல. நான் படையில் இருந்ததும் இல்லை, ஆயுதம் ஏந்துவோருக்கு யோசனை சொல்லவும் வரவில்லை. ஆனால் கடை இல்லாத மலைமேல் ஒரு கூட்டத்துக்கு மூன்று வேளையும் சோறு போடுவது எப்படி என்ற ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முதலில் தண்ணீர். உச்சியில் தண்ணீர் இருக்காது. இந்த மலைகளில் சோலைக்காடு நிற்பது மலை மடிப்புகளில்தான், ஊற்றும் அங்கேதான். மதிலை ஊற்று வரை இறக்கிக் கட்டாவிட்டால் எதிரி கோட்டையைத் தாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊற்றங்கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தால் போதும். 1772-இல் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்த விருப்பாட்சியும், 1801-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாளையமும் ஒன்றே. அந்த ஊர் உச்சியில் இல்லை, வயலும் கிணறும் உள்ள அடிவாரத்தில் இருக்கிறது. மலை அவர்களுக்கு முதுகுப்புறமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது அரிசி. மலை ஏறி இறங்கி வேலை செய்யும் ஒருவருக்கு நாளுக்கு 600 கிராம் அரிசி என்பது தாராளம் அல்ல. இருநூறு பேருக்கு 120 கிலோ ஆகிறது. மட்டக்குதிரை ஒன்று செங்குத்தான தடத்தில் ஏறத்தாழ 60 கிலோ சுமக்கும் என்று வைத்தால், அரிசிக்கு மட்டும் தினமும் இரண்டு பொதி ஏற வேண்டும். பருப்பு, உப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய், குதிரைக்கே வேண்டிய கொள்ளு ஆகியவை இதில் சேரவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை ஐப்பசி மழையில் தடம் சரிந்து, குதிரை ஏறுவது நின்றுபோனது. பழனி மலையின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அது பிடித்தால் இலேசில் விடாது. கையிருப்பைக் கணக்குப் பார்த்துவிட்டு, அன்று மாலை முதல் படியைக் குவித்து அளக்காமல் கோலால் தலை தட்டி அளக்கத் தொடங்கினேன். வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள் பையை விரித்துப் பிடித்தவர், கோல் படியின் விளிம்பில் உரசிய சத்தத்தைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார். "என்னங்கய்யா, இன்னைக்குப் படிக்குத் தலை தட்டுது?" என்றார். பின்னால் நின்றவர்களின் பேச்சு முழுவதும் அடங்கிவிட்டது. கீழிருந்து இனிச் சரக்கு வராது என்ற செய்தி, நான் வாயைத் திறக்கும் முன்பே, தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பரவிவிட்டது. இரவுக்குள் இன்னொரு செய்தியும் சேர்ந்தது: கணக்கப்பிள்ளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இரண்டு மூட்டை இருக்கிறதாம்.

மறுநாள் காலையில் மேஸ்திரியை அழைக்காமல், லயத்திலிருந்து இரண்டு பெண்களை ஸ்டோருக்குள் அழைத்து மூட்டைகளை எண்ணச் சொன்னேன். பிறகு என் வீட்டுக்கும் கூட்டிப்போனேன். மேஸ்திரிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மேஸ்திரி சொன்னால் நம்பாதவர்கள் அந்த இருவர் சொன்னதை நம்பினார்கள். தடம் சீராகும் வரை தலை தட்டிய படியைக் குறித்து யாரும் சண்டை போடவில்லை. உங்கள் கோட்டையில் கலகம் வெடிக்கும் அத்தியாயத்தை நீங்கள் தளபதியின் உரையிலிருந்து தொடங்குகிறீர்கள். என்னைக் கேட்டால் அதை ஸ்டோர் வாசலிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

இங்கே ஒரு பழைய வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்டு விலகியபோது, இருப்பில் உப்பு எடை குறைகிறது என்று என் கணக்கில் பணம் பிடித்தார்கள். மழைக்காலத்தில் மலைமேல் உப்பு மூட்டை தானாகக் கசிந்து தரை நனையும் என்பதை, சமவெளியிலிருந்து தணிக்கைக்கு வந்த அந்த இளைஞருக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் பேரேட்டை மட்டுமே பார்த்தார். நான் திருடவில்லை என்பதற்கு ஈரத் தரையைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை. உங்கள் நாவலுக்கு இது பயன்படக்கூடும்: அந்தக் கோட்டையிலும் உப்பு கசியும், அங்கும் யாரோ ஒருவர் மீது பழி விழும்.

ஈரம் உப்போடு நிற்காது. பனிமூட்டம் சூழ்ந்தால் துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. தோல் பொருளெல்லாம் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பெண்கள் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்ததன் காரணம் இதுதான். விறகை அடுப்புக்கு மேல் பரண் கட்டி அடுக்கினால்தான் எரியும். நீங்கள் சொல்லும் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். அதற்கேற்ப விறகும் கூடும், புகையும் கூடும். வெளுத்த வானமுள்ள காலையில் அந்தப் புகை பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும். ஆகவே உங்கள் சமையல்காரர்கள் விடியும் முன்பே அடுப்பை அணைத்திருக்க வேண்டும். பகலில் ஆறிய சோறுதான்.

இனி முற்றுகைக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு அரிசி மட்டும் 21,600 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் 432. தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், எலி ஏறாதபடி இடைவெளி விட்டு அவற்றை அடுக்க வேண்டும். நீங்கள் இணைத்திருக்கும் வரைபடத்தில் ஆயுத அறைக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் கொடுத்தாலும் அது போதாது. ஆட்களை அறுபதாகக் குறையுங்கள், அல்லது முற்றுகையை ஆறு வாரமாக்குங்கள். இரண்டும் இயலாதென்றால் கீழே உள்ள ஓர் ஊரிலிருந்து இரவில் பொதி ஏற்றிவரும் குதிரைக்காரர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.