வாசகர் கேள்வி – பதில்: கிரிப்டோ சூதாட்டத் தளங்களில் ஏமாற்று எங்கே நடக்கிறது?

கிரிப்டோ நாணயத்தில் பந்தயம் கட்டும் இணையத் தளங்களைப் பற்றி வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் தளங்களின் பெயர்களையும் நீக்கியுள்ளோம்.

கேள்வி: ஒரு தளத்தில், டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியை வைத்துப் பகடை ஆடினேன். வெற்றி வாய்ப்பு 49.5 சதவீதம், வென்றால் இரு மடங்கு என்று தளம் சொல்கிறது. தோற்றால் அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறையில், தானியங்கியாக 6,000 ஆட்டங்கள் ஓட்டியதில் 2,931 முறை வென்றேன். கடைசி நாளில் தொடக்கத் தொகையை 50 ரூபாய் மதிப்புக்கு உயர்த்தியிருந்தபோது தொடர்ந்து 11 முறை தோற்றேன். அதுவரை வந்த லாபமும் போட்ட முதலும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. பந்தயம் பெரிதானதும் தளம் வேண்டுமென்றே என்னைத் தோற்கடித்ததா? – ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: நீங்கள் தந்திருக்கும் எண்களை மட்டும் கொண்டு பார்த்தால், ஏமாற்று நடந்ததற்கு அவற்றில் சான்று இல்லை. அந்த வாய்ப்பில் 6,000 முறை ஆடினால் சராசரியாக 2,970 வெற்றிகள் வர வேண்டும். உங்களுக்கு 39 குறைந்திருக்கிறது. எந்தத் தில்லுமுல்லும் இல்லாத பகடையிலும் இத்தனை ஆட்டங்களில் எண்ணிக்கை ஏறக்குறைய 39 கூடுவதும் குறைவதும் இயல்பு. அதைப்போல் மூன்று மடங்கு விலகி, 2,850-க்கும் கீழே இறங்கியிருந்தால் சந்தேகப்பட அடிப்படை உண்டு என்று நான் சொல்லியிருப்பேன்.

தொடர்ந்து 11 தோல்வி என்பது கேட்க அசாதாரணமாகத்தான் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆட்டத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் அது ஏறக்குறைய 1,800-க்கு ஒரு முறைதான் நேரும். ஆனால் 6,000 ஆட்டங்களை முழுவதும் ஆடி முடிக்கும் ஐந்து பேரில் நால்வர், எங்காவது ஓரிடத்தில் அப்படியொரு தொடர் தோல்வியைச் சந்தித்தே தீருவார்கள். 50 ரூபாயில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் பதினோராவது பந்தயம் 51,200 ரூபாயை எட்டுகிறது. பதினொன்றும் சேர்ந்து 1,02,350 ரூபாய். இவ்வளவு பணமும் களத்தில் இறங்குவது, இடையில் ஒரு முறை வென்றால் கிடைக்கும் 50 ரூபாய் லாபத்துக்காக. இரட்டிப்பு முறை தோல்வியைத் தவிர்ப்பதில்லை. சிறு தோல்விகளை எல்லாம் சேர்த்துவைத்து ஒரே நாளில் தருகிறது.

ஆயினும் பந்தயம் பெரிதானபோது மட்டும் முடிவு மாற்றப்பட்டதா என்ற உங்கள் ஐயத்தை மொத்தக் கணக்கு தீர்க்காது. ஆயிரக்கணக்கான சிறு பந்தயங்களில் நேர்மையாக நடந்துகொண்டு சில பெரிய பந்தயங்களில் மட்டும் கைவைக்கும் தளத்தின் மொத்தச் சராசரி பெரிதாக அசையாது. எனவே ஆட்ட வரலாற்றைத் தரவிறக்கி, சிறு பந்தயங்களின் வெற்றி விகிதத்தையும் பெரிய பந்தயங்களின் வெற்றி விகிதத்தையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். உங்கள் தளம் ‘ப்ரூவபிளி ஃபேர்’ (நேர்மையை நிரூபித்துக் காட்டும்) முறையைப் பின்பற்றுவதாக இருந்தால் இதைவிட உறுதியான சோதனை இருக்கிறது; அதை அடுத்த பதிலில் விளக்குகிறேன்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 49.5 சதவீத வாய்ப்புக்கு இரு மடங்கு தருவதென்றால் ஒவ்வொரு நூறு ரூபாய்ப் பந்தயத்திலும் சராசரியாக ஒரு ரூபாய் தளத்துக்குப் போகிறது. நூறு ரூபாய் வீதம் 6,000 முறை ஆடுபவர் ஆறு லட்சத்தைப் புரட்டுகிறார். அதில் 6,000 ரூபாய் தளத்தின் எதிர்பார்ப்பு வருமானம். கையில் இருந்த முதல் ஐயாயிரமே என்றாலும், புரட்டிய தொகைக்குத்தான் அந்த ஒரு சதவீதம். விநாடிக்குச் சில ஆட்டங்கள் ஓடும் தானியங்கிப் பொத்தானைத் தளங்கள் தருவதற்குக் காரணம் இதுவே. நேர்மையாக நடக்கும் தளத்துக்கும் உங்கள் பணத்தைக் கரைக்க இது போதும்.

கேள்வி: ‘ப்ரூவபிளி ஃபேர்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா? – கல்லூரி மாணவர், மதுரை.

பதில்: நம்புவதற்காக அல்ல, சோதிப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆட்டம் தொடங்கும் முன் தளம் ‘சர்வர் சீட்’ எனப்படும் இரகசிய எழுத்துத்தொடர் ஒன்றை முடிவு செய்து, அதை வெளியிடாமல், அதிலிருந்து கணக்கிட்ட எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் என்ற குறியீட்டை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறது. ஏலத்துக்கு முன்பே விலையை எழுதி அரக்கு முத்திரையிட்ட உறையை உங்கள் கையில் கொடுப்பது போன்றது இது. உள்ளே இருப்பதை நீங்கள் படிக்க முடியாது, அவர்களும் இனி மாற்ற முடியாது. நீங்கள் உங்கள் பங்குக்கு ‘கிளையன்ட் சீட்’ என்ற இன்னொரு எழுத்துத்தொடரைத் தருகிறீர்கள். இவ்விரண்டும் ஆட்டத்தின் வரிசை எண்ணும் சேர்ந்து ஒவ்வொரு உருட்டலின் முடிவையும் தீர்மானிக்கின்றன. பிறகு புதிய சர்வர் சீட்டுக்கு மாறும்போது பழைய சர்வர் சீட் வெளியிடப்படும். அதன் ஹாஷ் முன்பு காட்டியதோடு பொருந்துகிறதா என்றும், முடிவுகள் அதிலிருந்து அப்படியே வருகின்றனவா என்றும் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் பந்தயத் தொகைக்கு இடமே இல்லை என்பதைத் திருப்பூர் வாசகர் கவனிக்க வேண்டும். அந்தப் பதினோரு ஆட்டங்களின் வரிசை எண்களை இட்டுக் கணக்கிட்டு, திரையில் வந்த முடிவே வருமானால், பெரிய பந்தயத்துக்காக முடிவு மாற்றப்படவில்லை என்பது உறுதியாகும். பொருந்தாவிட்டால் அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. கணக்கிடுவதைத் தளம் தரும் சோதனைப் பக்கத்தில் செய்யாமல், வெளியே உள்ள நிரலில் செய்யுங்கள். சர்வர் சீட்டின் ஹாஷைப் பார்த்த பிறகு கிளையன்ட் சீட்டை நீங்களே மாற்றிக்கொள்வதும் அவசியம். அதையும் தளமே தேர்ந்தெடுத்தால், தனக்குச் சாதகமான இணையைத் தேடிப் பிடித்துத் தர அதற்கு வழி இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் வலிமை முழுவதும் அந்த இரகசியம் இரகசியமாக இருப்பதில்தான் உள்ளது. 2014-இல் பிரைம்டைஸ் என்ற பிட்காயின் பகடைத் தளத்தில், இன்னும் பயன்பாட்டில் இருந்த சர்வர் சீட் ஒரு நிரல் பிழையால் வெளிப்பட, அதைக் கண்டுகொண்ட ஒரு ஆட்டக்காரர் முடிவுகளை முன்கூட்டியே அறிந்து 2,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை வென்றெடுத்தார். அங்கே ஏமாந்தது தளம்.

மேலும், இந்தச் சோதனை தளம் தானே நடத்தும் பகடை போன்ற ஆட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். வெளி நிறுவனங்களின் ஸ்லாட் ஆட்டங்களுக்கும் நேரலைச் சீட்டு மேசைகளுக்கும் பொதுவாக இது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வென்ற பணத்தை அந்தத் தளம் கொடுக்குமா என்பதை எந்த ஹாஷும் நிரூபிக்காது. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பகடையைப் பற்றியே கேட்கின்றன. ஆனால் பணத்தை இழந்த கதைகளில் பல, பகடையில் அல்லாமல் பணம் எடுக்கும் பக்கத்தில்தான் முடிகின்றன.

கேள்வி: இணையப் போக்கரில் ஒருவர் என் சீட்டுகளைப் பார்த்து ஆடுவதுபோல் இருக்கிறது. இப்படி நடக்க முடியுமா? – ஒரு வாசகர், சென்னை.

பதில்: முடியும்; நடந்தும் இருக்கிறது. கிரிப்டோ தளங்கள் தோன்றுவதற்கு முன்பே, 2007-இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் ‘பாட்ரிப்பர்’ என்ற கணக்கு ஒரு போட்டியில் நம்ப முடியாத துல்லியத்துடன் ஆடி வென்றது. தோற்ற ஒருவர் ஆட்ட வரலாற்றைக் கேட்டபோது, தளம் எல்லா ஆட்டக்காரர்களின் மறைசீட்டுகளும் அடங்கிய கோப்பை அனுப்பிவிட்டது. அதை ஆராய்ந்த ஆட்டக்காரர்களே உண்மையை வெளிக்கொணர்ந்தனர். அதன் சகோதரத் தளமான அல்டிமேட்பெட்டில் 2004 முதல் 2008 தொடக்கம் வரை இதே முறைகேடு நடந்தது என்பதை, கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் விசாரித்து அறிவித்தது; 15 லட்சம் டாலர் அபராதம் விதித்ததோடு, 1994-இன் உலகப் போக்கர் வாகையரான ரஸ் ஹாமில்டனை முக்கியப் பொறுப்பாளியாகப் பெயர் குறிப்பிட்டது. 2 கோடி டாலருக்கும் மேல் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது.

அங்கே பெயரளவிலாவது ஓர் ஆணையமும் உரிமமும் இருந்தன. உங்கள் தளத்துக்கு அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கிரிப்டோ தளங்களில் பல, கரீபியத் தீவான குராசாவின் உரிமத்தைக் காட்டுகின்றன. அங்கே நெடுங்காலம் நான்கு முதன்மை உரிமதாரர்களே மற்றவர்களுக்கு உள்உரிமம் விற்றுவந்தார்கள். அந்த முறையை மாற்றும் புதிய சட்டம் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. போலித் தளங்களோ உரிமத்தின் படத்தை மட்டும் ஒட்டிவைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் சரிபார்க்கும் பக்கம் திறக்காது.

கேள்வி: நேரலையில் ஒருவர் லட்சக்கணக்கில் வெல்வதைப் பார்த்து என் மகன் அதே தளத்தில் பணம் போடுகிறான். அந்த வெற்றிகள் உண்மையா? – ஒரு தந்தை, நாமக்கல்.

பதில்: திரையில் ஓடும் பணம் யாருடையது என்பதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. தளமே கொடுத்த தொகையை வைத்து ஆடுபவருக்குத் தோல்வியால் நட்டமில்லை. 2016-இல் சிஎஸ்கோ லாட்டோ என்ற தளத்தில் வீடியோ விளையாட்டின் ஆயுத அலங்காரங்களைப் பந்தயம் வைத்து வெல்வதாகக் காணொளி வெளியிட்ட இரண்டு பிரபலங்கள், அந்தத் தளத்தின் உரிமையாளர்களே தாங்கள்தான் என்பதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவர்கள் மீது நடவடிக்கை எடுத்து 2017-இல் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் நேரலைக் காணொளித் தளமான டுவிட்ச், போதிய உரிமம் இல்லாத ஸ்லாட், ரூலெட், பகடைத் தளங்களின் நேரலையைத் தடை செய்தது. இதை உங்கள் மகனிடம் கோபமின்றிச் சொல்லுங்கள். அவர் இழந்த தொகையை மறைக்கத் தொடங்கினால், மீட்பதற்காக மேலும் போடுவார்.

கேள்வி: டெலிகிராமில் வந்த ஒரு தளத்தில் இலவசக் குறியீட்டோடு தொடங்கினேன். இப்போது என் கணக்கில் நான்கு லட்சம் ரூபாய் மதிப்பு காட்டுகிறது. எடுக்க முயன்றால் முதலில் ‘சரிபார்ப்பு வைப்புத்தொகை’ கேட்டார்கள், கட்டினேன். இப்போது 30 சதவீத வரியை முன்பணமாக யுஎஸ்டிடியில் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் வருமா? புகார் செய்தால் சூதாடியதற்காக நானே மாட்டிக்கொள்வேனா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: கட்டாதீர்கள், அம்மா. அந்த நான்கு லட்சம் பணம் அல்ல. திரையில் அவர்கள் எழுதிய எண். இந்தியாவில் இணைய விளையாட்டு வெற்றிக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்துத்தான் உங்களை மிரட்டுகிறார்கள். ஆனால் அந்த வரி வென்ற தொகையிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டு அரசுக்குச் செலுத்தப்படுவது. ஆட்டக்காரரிடம் புதிதாகப் பணம் வாங்கி, அதையும் கிரிப்டோ நாணயத்தில் வாங்கி, எந்த வரித் துறைக்கும் யாரும் செலுத்துவதில்லை. இதைக் கட்டினால் அடுத்து ‘கணக்கு உறைநீக்கக் கட்டணம்’ என்று ஏதாவதொன்று வரும். இது சந்தேகிக்கப்படும் ஏமாற்று அல்ல. ஐயத்துக்கு இடமில்லாத மோசடி.

உங்கள் அச்சத்துக்கு நேரான பதில் தர வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பண விளையாட்டை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது; விளம்பரம் செய்வோரையும் தண்டிக்கிறது; ஆடியவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டுகள் என்று விலக்கிவிட்டு, அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கு அந்தச் சட்டம் செல்லும் என்றது. எனவே எழுத்துப்பூர்வமான புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது. அதற்காக நாட்களைக் கடத்த வேண்டாம். பொய்க் கணக்கு காட்டிப் பணம் பறிக்கப்பட்டவர் என்பதே உங்கள் நிலை, அதை அப்படியே சொல்லலாம்.

இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். யுஎஸ்டிடி வாங்க நீங்கள் யாருக்காவது யுபிஐ வழியே பணம் அனுப்பியிருந்தால், அந்த வங்கிக் கணக்கை முடக்க விரைவு ஒன்றே உதவும். கிரிப்டோவாக அனுப்பிய பகுதியை வங்கியால் திருப்ப முடியாது. ஆயினும் யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம், காவல் அமைப்புகள் கேட்கும்போது முகவரிகளை முடக்கியிருக்கிறது. பணம் அந்த முகவரியிலேயே இருக்கும்வரைதான் அதற்குப் பயன். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இனி யாராவது தொடர்புகொண்டால், அவர் வழக்கறிஞர் என்றோ ஹேக்கர் என்றோ சொல்லிக்கொண்டாலும் முன்கட்டணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடையே கைமாறுகிறது.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் பணம் பெறும் முகவரி ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அதாவது டிரான் என்ற கிரிப்டோ வலைப்பின்னலில் அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் 64 எழுத்துகள் கொண்ட பரிவர்த்தனை அடையாளம் உங்கள் வாலட்டில் இருக்கும். அதையும், அந்த முகவரியையும், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும், டெலிகிராம் உரையாடலின் படங்களையும் இன்றே தனியே சேமித்து வையுங்கள். உரையாடலை அவர்கள் எந்த நேரமும் இரு பக்கமும் அழித்துவிட முடியும்.